ஜப்பான் தொட்டியும் என் நாத்தனாரும்

எங்கள் வீட்டில் ஒரு மண்தொட்டி இருக்கிறது. ஜப்பானில் கையால் செய்தது. நீள்சதுரம், ஒரு சாண் உயரம்கூட இல்லை, நான்கு மூலையிலும் குட்டிக் கால்கள். மேலே பளபளப்பு எதுவும் பூசவில்லை. சுட்ட மண் சுட்ட மண்ணாகவே, கருப்பட்டி நிறத்தில் இருக்கிறது. அதில் ஒரு போன்சாய் மரம். இந்த இரண்டையும் வெளியே தூக்கிப் போட்டால்தான் என் குடும்பம் உருப்படும் என்று மெல்பர்னிலும் சிட்னியிலும் இருக்கிற தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதிப் பேர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வாஸ்துவாம். போன்சாய் இருக்கிற வீட்டில் வளர்ச்சி நின்றுவிடுமாம். பிரமோஷன் நிற்கும், பி.ஆர். விசா நிற்கும், பிள்ளைகளின் படிப்பு நிற்கும். மல்கிரேவில் என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை பார்க்கிறவளே இதைச் சொன்னாள். "மரத்தையே வளர விடாம கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்க, அப்புறம் வீடு எப்படி வளரும்?" நான் சிரித்துவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டேன். பிரமோஷன் வரைக்கும் பேசினால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் பிரமோஷனோடு நிறுத்துவதில்லை. மரத்தைப் பார்ப்பார்கள். பிறகு அவர்களின் கண் என் மகளின் அறைப் பக்கம் போகும். குரல் இறங்கும். "தப்பா எடுத்துக்காதீங்க..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் சரியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எலும்பு வளர்ச்சியில் பிறவியிலேயே ஒரு மாறுதல். உயரம் நான்கு அடியை ஒட்டி நின்றுவிடும் என்று குழந்தையாக இருந்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். நீச்சலடிக்கிறாள், கணக்கை வெறுக்கிறாள், ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடுகிறாள், நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பிளக் பாயின்ட்டுக்கும் மேல் அலமாரிக்கும் ஸ்டூல் போட்டுக்கொள்வாள். ஸ்டூலை எடுத்த இடத்தில் திரும்ப வைக்க மாட்டாள், அதற்காக எங்களுக்குள் சண்டை வரும்.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். அவள் உடம்பு ஒரு தோஷம், அது வீட்டில் வைத்த ஏதோ ஒரு பொருளால் வந்த வினை என்ற பேச்சு அவள் காதில் விழக் கூடாது. பள்ளிக்கூடத்தில் யாராவது எதையாவது சொல்வார்கள், அதை நான் தடுக்க முடியாது. ஆனால் தமிழில், சொந்தக்காரர்கள் வாயால், விபூதி குங்குமத்தோடு அது வரக் கூடாது. அதனால் யாராவது குரலை இறக்கினால் உடனே எழுந்து, "வாங்க, கிச்சன்ல பேசலாம்" என்று கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவேன். அங்கே வைத்து நன்றாகக் கொடுத்து அனுப்புவேன். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும், அந்தப் பெயரால் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், மரம் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவள் பிறந்தபோது போன்சாய் என்ற சொல்லைக்கூட நான் யோசித்ததில்லை. எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத் திருவிழாவில் ஒரு போன்சாய் சங்கத்தார் கடை போட்டிருந்தார்கள். மகள் ஒரு மரத்தின் முன்னால் நின்றுவிட்டாள். சிட்னிப் பாறைகளின் மேல் வளருமே, இலையின் அடியில் துரு நிறம் இருக்குமே, அந்த அத்தி. நம் ஆலுக்கும் அரசுக்கும் பங்காளி. இது உன் அம்மாவைவிட வயதில் மூத்தது என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். மகளுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வீடு வரும்வரை காரில் "அது உனக்கு அக்கா" என்று என்னைக் கேலி செய்துகொண்டே வந்தாள். அவ்வளவுதான் கதை. அதற்குள் ஒரு அர்த்தமும் இல்லை. ஐஸ்கிரீம் கேட்கிற மாதிரி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

அர்த்தமெல்லாம் பிறகு மற்றவர்கள் கொண்டுவந்து வைத்தது. சிலர் நல்ல எண்ணத்தில், "சின்னதா இருந்தாலும் எவ்வளவு அழகு பாருங்க" என்று மரத்தைக் காட்டி என் மகளைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களிடமும் எனக்குப் பொறுமை கிடையாது. என் மகள் மரம் இல்லை. மரமும் என் மகள் இல்லை. மரத்தை நான் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன், வேரைச் சீவுகிறேன். பிள்ளையை யாராவது அப்படிச் செய்வார்களா? போதாததற்கு, போன்சாய் வளராத மரம் என்பதே பொய். வருடா வருடம் வளர்கிறது, அதனால்தான் வருடா வருடம் வெட்ட வேண்டியிருக்கிறது. வளராவிட்டால் அது செத்துப்போன மரம்.

மரம் வந்தபோது பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்த பிறகு, அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஜப்பானில் தொக்கோனாமே என்ற ஊரிலிருந்து மரப்பெட்டியில் தொட்டிகள் வரவழைத்தார்கள். நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி போலப் பளபளக்கிற தொட்டிகள் முதலில் போயின. எனக்கும் ஒரு நீலத்தின் மேல் கண். எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் தடுத்தார். பூப்பூக்கிற மரத்துக்குத்தான் அது, அத்திக்குப் பளபளப்பு வைத்தால் பார்க்கிறவன் சட்டியைப் பார்ப்பான், மரத்தைப் பார்க்க மாட்டான் என்றார். வேண்டா வெறுப்பாகத்தான் இந்தப் பழுப்புத் தொட்டியை எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் செய்தவரின் முத்திரை. உள்பக்கத்தில், மண் ஈரமாக இருந்தபோது விரலால் அழுத்தி இழுத்த தடம் அப்படியே சுட்டுக் கெட்டியாகியிருந்தது. யாரும் பார்க்காத இடம் என்று வழித்துச் சமன் செய்யவில்லை, பூச்சு பூசி மூடவும் இல்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது.

இந்த மாதிரித் தொட்டி கையாலும் தண்ணீராலும் பழகும். வருடங்கள் போகப் போக மண்ணுக்கு ஒரு மங்கலான மினுக்கம் வரும், இடுக்குகளில் கறுப்பு ஏறும். அதற்காகவே பழைய தொட்டிகளைத் தேடுகிறவர்கள் உண்டு. எங்கள் தொட்டிக்கு அப்படி ஒரு மினுக்கம் வந்து சேர்ந்த சமயத்தில்தான் சிட்னியிலிருந்து என் நாத்தனார் வந்தார். கணவரின் அக்கா. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் புளியும் தேங்காய் நாரும் போட்டு, பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போல நான்கு பக்கமும் துலக்கி வைத்துவிட்டார். "அழுக்கா இருந்துச்சு. பாரு, இப்பத்தான் வாங்கின மாதிரி ஆயிடுச்சு." அதுதான் என் துக்கமே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆத்திரம் தீர அழுதேன்.

என் நாத்தனாரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகள்தான் அவருக்கு எல்லாம். சனிக்கிழமை விரதம் அவளுக்காக. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போவதும் அவளுக்காக. என் மகள் வயதுக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் பட்டுப்பாவாடை தைத்து, அளவு கொஞ்சமும் பிசகாமல் அனுப்பியவர் அவர். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்புக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாமல் போவதுதான் என் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் எப்போதோ இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

நான் சொல்ல வந்தது ஒரு நவராத்திரி. நாத்தனார் பொம்மைப் பெட்டியோடு முன்னாலேயே வந்துவிட்டார். முன்னறையில் படி கட்டிக் கொலு வைத்தோம். மகள் கீழே பார்க் போட்டாள், மணல், குட்டிக் கார்கள், பிளாஸ்டிக் மரங்கள் எல்லாம் வைத்து. பின்னறை ஜன்னலோரம் அத்தி மரம் தன் பாட்டுக்கு இருந்தது. வந்த நாளிலிருந்து நாத்தனார் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கிச்சனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த நவராத்திரியோட அதை அனுப்பிடலாம். ஜோசியர்கிட்டயும் கேட்டுட்டேன். அவளுக்கு இன்னும் வயசிருக்கு. ரெண்டு இன்ச் வளர்ந்தாக்கூட..."

"அண்ணி, மெதுவா."

"கதவு சாத்தித்தான் இருக்கு."

"அவ வளர்றதுக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இல்ல. டாக்டர் சொல்லியாச்சு. நீங்களும் கூடத்தான் இருந்தீங்க."

"டாக்டர் டாக்டரோட வேலையைச் சொல்றார். பெத்தவ நீ, உனக்கு ஒரு பயமும் இல்லையா? வீட்டுக்குள்ள அத்தி மரம், அதையும் குறுக்கி வெச்சிருக்க. வர்றவங்க எல்லாம் ரெண்டையும் பார்த்துப் பார்த்துப் பேசுறாங்க. எனக்கு வயிறு எரியுது."

"பேசுறவங்களை வெளிய அனுப்புங்க. மரத்தை எதுக்கு அனுப்பணும்?" என்று கேட்டேன். கணவரிடம் சொன்னால், "விடு, நாலு நாள்ல போயிடுவாங்க" என்றார். எங்கள் திருமணத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் அவர் வைத்திருக்கிற மருந்து அந்த "விடு" ஒன்றுதான்.

அந்த வாரம் எங்கள் தெருவில் ஹார்ட் ரப்பிஷ். வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களை எல்லோரும் வாசல் புல்வெளியில் கொண்டுவந்து போடுவார்கள், கவுன்சில் வண்டி வந்து அள்ளிப்போகும். அதற்கு முன்னால் வேன்களில் சுற்றுகிறவர்கள் நல்லதாகப் பார்த்து எடுத்துப்போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து பின்னறைக்குப் போனால், ஜன்னலோரம் ஸ்டாண்ட் மட்டும் இருந்தது.

நாத்தனார் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "வெளிய வெச்சுட்டேன். இந்நேரம் யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க. இன்னிக்கு நாலு பேர் வர்ற நாள், சத்தம் போடாத" என்றார்.

ஓடினேன். வாசலில் எங்கள் பழைய மெத்தை, கெட்டுப்போன மைக்ரோவேவ், கால் உடைந்த நாற்காலி. மரம் இல்லை. தெருக்கோடி வரை ஒவ்வொரு குவியலாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஆபீஸ் உடுப்போடு ஒரு பெண் குப்பை கிளறுவதை நாய் நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார். எனக்குக் கண்மண் தெரியவில்லை. இன்றைக்கு இந்த அம்மாளை அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பி வந்து, முன்னறைக் கதவைத் திறந்தேன்.

மகள் பள்ளிச் சீருடையோடு கொலுவின் முன்னால் குந்தியிருந்தாள். பிளாஸ்டிக் மரங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்க்கின் நட்டநடுவில் எங்கள் அத்தியை வைத்திருந்தாள், தொட்டியோடு. பக்கத்தில் ஒரு பழைய ஸ்கேட்போர்ட் கிடந்தது.

பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் மரத்தைப் பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் அதை வேனில் ஏற்றப் போனாராம். "எக்ஸ்கியூஸ் மீ, தட்ஸ் மைன்" என்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பையில் கிடந்த ஸ்கேட்போர்டில் ஏற்றிப் பக்கவாட்டுக் கேட் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை அப்போது குளித்துக்கொண்டிருந்தாராம்.

தொட்டியின் ஒரு கால் மூளியாகியிருந்தது. நாத்தனார் அதைக் கீழே இறக்கி வைக்கும்போது தெருவோரக் கல்லில் இடித்திருக்க வேண்டும். அந்தக் காலுக்கு அடியில் மகள் தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து முட்டுக் கொடுத்திருந்தாள். நான் குனிந்து உடைந்த இடத்தைத் தடவினேன். பளபளப்பு பூசிய சட்டியாக இருந்தால் உள்ளே வெள்ளையாகப் பல்லைக் காட்டியிருக்கும். இதில் உள்ளேயும் அதே கருப்பட்டி நிறம்தான்.

மரத்தின் அடியில் பாசியின் மேல், இரண்டாம் படியிலிருந்த களிமண் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். அரசமரத்துக்கு அடியில் எந்தக் குளக்கரையிலும் உட்காருவாரே, அதே சுகத்தோடு.

"ஹி நீடட் எ ட்ரீ" என்றாள் மகள்.

எனக்கு வந்த சிரிப்பில் கோபம் பாதி இறங்கிவிட்டது. பின்னாலேயே வந்த நாத்தனார் வாசற்படியில் நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் காலிங்பெல் அடித்தது.

வந்தவர்கள் கேரம் டவுன்ஸ் கோயிலில் பழக்கமான பெண்கள். அவர்களோடு அடுத்த தெரு யாழ்ப்பாணத்து அன்ரி. வெளியே இன்னும் வெயில் இருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்கள் கொலுவைப் பார்த்தார்கள், மரத்தடியில் பிள்ளையாரைப் பார்த்தார்கள், கை தானாக நெற்றிக்குப் போய்க் குட்டிக்கொண்டது. எந்த மரத்தை வெளியே எறியச் சொல்லி எனக்குப் பாடம் எடுத்தார்களோ, அதற்கு முன்னால் நின்று வரிசையாகக் குட்டிக்கொண்டார்கள். அந்தக் காட்சிக்காக நான் இன்னும் பத்து வருடம் திட்டு வாங்கத் தயார்.

"வடிவா இருக்கு. ஆர் வச்சது?" என்று அன்ரி கேட்டார்.

"நான்தான் அன்ரி" என்றாள் மகள்.

பாட்டு முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரம். நாத்தனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் மகளிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற தாழ்ந்த குரலில், "கண்ணு, எல்லாம் நல்லா இருக்கு. அதை மட்டும் எடுத்துடலாம்டா" என்றார்.

"எதுக்கு அத்தை?"

நான் எழுந்துவிட்டேன். "அண்ணி, கிச்சனுக்கு வாங்க" என்றேன். இத்தனை வருடப் பழக்கம்.

"அம்மா, இரு" என்றாள் மகள். வீட்டில் ஆங்கிலத்தை விடாதவள், அன்றைக்குத் தமிழில் பேசினாள். "எதுக்கு எடுக்கணும்? சொல்லுங்க அத்தை."

நாத்தனார் என்னைப் பார்த்தார். மகள் அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, மரியாதையாக, பதிலுக்குக் காத்திருந்து பார்த்தாள். என்னிடம் மூச்சு விடாமல் சொன்னவர்கள்தான் எல்லோரும். ஒருத்தி சுண்டலைக் கிளறினாள். ஒருத்தி பொம்மைகளைப் பார்த்தாள்.

"நான் குள்ளமா இருக்கேன்ல, அதுக்கா?"

அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் விட்டதில்லை. அவள் அதைத் தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"யார்டா உனக்கு அப்படியெல்லாம்..." என்று நாத்தனார் திணறினார்.

"கிச்சன்ல பேசினா என் ரூம்ல கேக்கும் அத்தை. ஹீட்டர் ஓட்டை வழியா. எப்பவுமே கேக்கும்."

மெல்பர்ன் வீடுகளில் குளிர்காலத்துக்கு ஒரே கணப்பிலிருந்து எல்லா அறைக்கும் தரைக்கடியில் குழாய் போகும். கிச்சன் தரையில் ஒரு சல்லடை, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சல்லடை. நான் யாரையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேனோ, அவர்கள் சொன்னதெல்லாம் நேராக அவள் தலைமாட்டுக்குப் போயிருக்கிறது. ஆறு வயதிலும் ஏழு வயதிலும் அந்தக் கட்டிலில் படுத்து அவள் என்னென்ன கேட்டிருப்பாள்! அவர்களுக்கு நான் கொடுத்த பதில்களையும் கேட்டிருப்பாள் என்று பிறகுதான் தோன்றியது.

நாத்தனார் உடைந்துவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "உன் நல்லதுக்குத்தான்டா கண்ணு. உனக்கு நடந்த இந்தக் கெட்டது எப்படியாவது சரியாகணும்னுதான்..."

மகள் அத்தையைப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாதவளாகத்தான் கேட்டாள்.

"எனக்குக் கெட்டது எதுவும் நடக்கலையே அத்தை."